நூலளவு

நாளை கீழச்சிவல்பட்டியில் படைப்பு.
நாலு மணிக்கு அடுப்பு மூட்டணும் என்றார்கள்.
எட்டு அண்டா, மூன்று துருவி, நூற்றிருபது நாற்காலி
கொட்டகையில் தயாராய்க் கிடக்க
டிரெய்லரின் இடது சக்கரம் மட்டும்
மூணு நாளாய் முனகுகிறது.
கை வைத்துப் பார்த்தேன்.
தண்ணீர் தெளித்தால் சுர்ரென்னும் சூடு.

வலது சக்கரத்துக்கு முன்னும் பின்னும்
செம்புறாங்கல் கொடுத்து
ஜாக்கி ஏற்றினார் அடைக்கலம்.

செக்காலை ரோட்டு ஸ்பேர் கடையில்
ஆறு வருஷம் பில் போட்டவள் நான்.
முப்பது ரெண்டு பூஜ்யம் ஏழு என்றால்
எந்தத் தட்டு, என்ன விலை
தூக்கத்திலும் சொல்வேன்.
அது எதற்குள் சுழலும் என்பதைக்
கல்யாணமாகிப் புதுவயல் வந்த பிறகுதான்
கண்ணால் பார்த்தேன்.

விருந்தில் மிஞ்சிய இலை ஒன்றை விரித்தேன்.
நுனி இடது பக்கம். பழக்கதோஷம்.
மூடி, கோட்டர் பின், நட்டு, வாஷர்,
வெளி பேரிங், உள் பேரிங், கிழிந்த ஆயில் சீல்.
கழற்றிய வரிசையில் இட்டால்
மாட்டும்போது பந்தி குழம்பாது.

பழைய கிரீஸ் கறுத்து
கருப்பட்டிப் பாகாய் இழுத்தது.
டீசலில் முக்கிப் பிரஷ்ஷால் தேய்க்க
உருளைகள் ஒவ்வொன்றாய் முகம் கழுவி வந்தன.
உள் பேரிங்கில் ஒரு நீண்ட முடி.
என்னுடையதுதான்.
போன ஆடியில் குனிந்திருந்தபோது விழுந்திருக்கும்.
ஒரு வருஷக் கல்யாணங்களை எல்லாம் சுற்றிவிட்டு
அறாமல் இருந்தது.
அடைக்கலத்திடம் காட்டினேன்.
"நல்ல கிரீஸு" என்றார்.

வெளி பேரிங்கில் நாலு உருளை
மயில் கழுத்தாய் நீலம் பூத்திருந்தன.
அழகுதான். வெந்த இரும்பின் அழகு.
வளையத்தோடு தட்டி எடுத்து
டப்பாவிலிருந்த புதுசைப் பிரித்தேன்.

இறுக்கம்தான் காரணம்.
அதை அவரிடம் சொல்ல முடியாது.
ஒக்கூர் தாண்டி ஒரு ராத்திரி
தன் வண்டிச் சக்கரம் தன்னையே முந்திக்கொண்டு
ஹெட்லைட் வெளிச்சத்தில் உருண்டு
கண்மாய்க்குள் இறங்கியதைப் பார்த்த மனுஷன்.
அன்றிலிருந்து எதையும் இறுக்கித்தான் மூடுவார்.
ஊறுகாய் பாட்டில், குழாய், கேஸ் ரெகுலேட்டர்,
மகளின் பள்ளிக்கூடப் பை வார்.

உள்ளங்கையில் ஒரு குழி சிவப்பு கிரீஸ்.
பேரிங்கின் அகன்ற விளிம்பால்
அதை வெட்டி வெட்டி அழுத்த
மறுபக்கத்து இடுக்குகளில்
இடியாப்பமாய் எட்டிப் பார்த்தது.
சந்து விடாமல் ஒரு முழுச் சுற்று.
பிறகு இன்னொன்று.

சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே
நட்டை இறுக்கினார், புஜம் நடுங்க.
போன் அடித்தது. சமையல் மேஸ்திரி.
கரண்டிக் கணக்கு.
சிக்னல் தேடி அவர் தெருமுனைக்குப் போன நேரம்
ஸ்பேனரைப் போட்டு முழுசாய்த் தளர்த்தினேன்.
பிறகு விரலால் மட்டும், நிற்கும் வரை.
டயரின் தலையையும் காலையும் பிடித்து ஆட்டினேன்.
நூலளவு அசைவு.
அவ்வளவுதான் அதற்கு வேண்டும்.
புதுக் கோட்டர் பின்னின் கால்களை மடக்கி
மூடியைத் தட்டி மூடினேன்.

திரும்பி வந்தவர் மூடியைத் தொட்டுப் பார்த்தார்.
"இறுக்கமா இருக்குல்ல?"
"இருக்கு" என்றேன்.
மூடியைத்தானே கேட்டார்.

தவிட்டை அள்ளிக் கை தேய்த்தேன்.
ரேகைகளில் மட்டும் சிவப்பு நின்றுவிட்டது.

ரெண்டரை மணிக்கு வண்டி கிளம்பியது.
அண்டாக்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டு போயின.
அந்தப் பேச்சுக்கு அடியில் காதை வைத்தேன்.
முனகல் இல்லை.
ரைஸ்மில் திருப்பம் வரை இல்லை.
அதற்கப்புறம் மில்லின் சத்தம்தான்.
இது ஒக்கூர் வழியில்லை என்று
எனக்கே சொல்லிக்கொண்டேன்.

காப்பி போடலாமென்று உள்ளே போனால்
ரெகுலேட்டர்
திரும்ப மாட்டேன் என்றது.