அஸ்தமனம் என்ற இடத்தில் ஒரு கோடு

ஜிப்சம் பலகைகளை இன்னும் அடைக்கவில்லை.
சுவர்களின் விலா எலும்புகளுக்கு நடுவே நின்று
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு
யூருன் கேட்கிறாள்:
"சுவிட்ச் எங்கே வேண்டும்?"

எங்கே வேண்டுமானாலும் வைக்கலாமாம்.
கம்பி இல்லை, பேட்டரியும் இல்லை.
விரல் அழுத்துகிற அழுத்தத்திலேயே
துளி மின்சாரம் பிறந்து
'எரி' என்று ஒரே ஒரு சொல்லை அனுப்பிவிட்டு
அங்கேயே தீர்ந்துபோகுமாம்.
பசை நாடாவில் ஒட்டினால் போதும்.
பிடிக்காவிட்டால் பிய்த்து வேறிடம்.

எங்கே வேண்டுமானாலும் என்றதும்
எனக்கு எங்கே என்றே தெரியவில்லை.
கோட்டைக் கழற்றாமல்
சிமெண்டுத் தரையில் படுத்துப் பார்த்தேன்.
கை நீண்ட இடத்தில் மரச்சட்டத்தில்
பெருக்கல் குறி போட்டாள்.
இரண்டு கையிலும் கடைப் பைகள் இருப்பதாக எண்ணி
வாசலில் நுழைந்து பார்த்தேன்.
முழங்கை உயரத்தில் இன்னொரு குறி.

"சுவிட்சுக்குத்தான் கம்பி வேண்டாம்.
விளக்குக்கும் வேண்டாமென்று யாராவது சொன்னால்
அந்த ஆளை என்னிடம் அனுப்பு."

விளக்குகள் ஒன்றுக்கொன்று சேதி கடத்துமாம்,
கூடத்திலிருந்து நடைக்கு
நடையிலிருந்து படிக்கு
படியிலிருந்து படகுக் கொட்டகைக்கு.
நடுவில் ஒன்றை யாராவது சுவரோடு அணைத்துவிட்டால்
கொட்டகை செவிடாகிவிடும்.
"இந்த வீட்டில் நடுவில் அணைக்கிறவர் யார்?"
நான் கை தூக்கினேன்.

ஊட்வார் கடலில் இருக்கிறான்.
மூன்று வாரம் காட் மீன், மூன்று வாரம் வீடு.
சிக்னல் கிடைக்கிற நாளில்
வரைபடத்தின் மேல் சிவப்பு வட்டங்கள் போட்டு அனுப்புகிறான்.
எல்லா அறையும் அவன் போனில் தெரிய வேண்டுமாம்.
"நீ தூங்கிவிட்டாய் என்று இங்கிருந்தே தெரிந்துகொள்வேன்.
விளக்கை நானே அணைத்துவிடுவேன்."

அன்பாகத்தான் சொல்கிறான்.
ஆனால்
இருட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிற ஒருத்தியின் தலைக்கு மேல்
அறுபது கடல் மைலுக்கு அப்பாலிருந்து
செதில் ஒட்டிய ஒரு கட்டைவிரல்.
நினைத்தாலே
எழுந்து நின்று தலைமுடியைச் சரிசெய்யத் தோன்றுகிறது.

இரண்டு நாள் பதில் போடவில்லை.

செயலியில் நேரம் குறிக்கிற பக்கம்.
'சூரியன் மறையும்போது எரியட்டும்.' தொட்டேன்.
மறையும் நேரம் என்ற இடத்தில்
ஒரு சிறு கோடு.
இந்த போட்ஸ்ஃபியூரில்
நவம்பர் கடைசியில் போகிற சூரியன்
ஜனவரியில் பாதி கழிந்துதான் வரும்.
எங்கோ வெயிலில் உட்கார்ந்து இதை எழுதியவன்
கணக்கைச் சரியாகவே போட்டிருக்கிறான்.
போட்டுப் பார்த்து, சொல்ல ஒன்றுமில்லை என்று தெரிந்ததும்
பொய் நேரம் எதையும் இட்டு நிரப்பாமல்
கோடு கிழித்துவிட்டிருக்கிறான்.
எனக்கு அவனைப் பிடித்துப்போயிற்று.

அதைப் படமெடுத்து ஊட்வாருக்கு அனுப்பினேன்.
ஒரு சிரிப்பு வந்தது.
வெகுநேரம் கழித்து,
"இங்கேயும் அப்படித்தான்."
அன்றைக்கு வேறெதுவும் எழுதவில்லை.

சரி.
வாசல் விளக்கு அவனுக்கு.
நடையும் கொட்டகையும் பொது.
அடுக்களை ஜன்னலுக்கு மட்டும்
செம்புக் கம்பி இழுத்த
டக்கென்று சத்தம் போடுகிற
பழைய மாதிரி சுவிட்ச் ஒன்று.

யூருன் புருவத்தைத் தூக்கினாள்.
"அது மற்றவற்றோடு சேராதே."
தெரியும்.
"போனில் காட்டாதே."
தெரியும்.
"கம்பிக்கு இப்போதே துளை போட வேண்டும்.
பிறகு இடம் மாற்ற முடியாது."
துளை போடு என்றேன்.

மீதி படுக்கையறைதான்.
ஊட்வார் படுக்கிற பக்கம் படுத்து அளக்க ஆளில்லை.
யூருன் படுத்துப் பார்த்தாள். ஐந்தடிதான் அவள்.
"உன் ஆளின் கை எவ்வளவு நீளம்?"
என் கையை நீட்டினேன்.
அதற்கு மேல் ஒரு சாண், இல்லை, அவ்வளவு இருக்காது,
சேர்ந்தாற்போல் பதினோரு வருஷம்
பக்கத்தில் கிடந்த கை,
காற்றில் காட்டத் தெரியவில்லை.

பசை நாடாதானே என்றாள்.
வந்து ஒட்டிக்கொள்ளட்டும்.