உதைக்கிற கணக்கு

எதிர்வீட்டில் இன்னொரு ஏசி மாட்டிவிட்டார்கள்.
அதன் வெளிப்பெட்டி
எங்கள் சன்னலைப் பார்த்தே மூச்சு விடுகிறது.
"ரெண்டாவதுங்" என்றேன்.
"மூணாவது. ஹாலை உட்டுட்ட" என்றார் இவர்,
சட்டையைக் கழற்றாமலே.

கம்பெனியில் கொடுத்த பழைய டைரியைக்
கடைசிப் பக்கத்திலிருந்து திறந்தோம்.
தெய்வசிகாமணிக்குச் சாயப்பட்டறையில் மேனேஜர் வேலை,
நாற்பத்தஞ்சு போடு.
மேனேஜரெல்லாம் இல்லை, சூப்பர்வைசர்தான்,
அடித்துவிட்டு முப்பத்திரண்டு போடு.
துளசிமணிக்கு வருமானமில்லை,
வெள்ளிக்கிழமை தவிர வாசல் தாண்டுவதில்லை.
இந்தப் பக்கம் செலவு.
காருக்குத் தவணை பதினாலு.
பையனுக்கு அவினாசி ரோட்டுப் பள்ளிக்கூடம், வேனோடு சேர்த்து.
ஞாயிறுதோறும் எங்கள் படியேறி வரும் கறிக்குழம்பு வாசத்தை
இத்தனை கிலோ என்று எடை போட்டோம்.
பங்குனியில் மூன்று நாள் மலேசியா.
கூட்டிக் கழித்தால்
மாதம் முப்பத்தெட்டாயிரம் உதைத்தது.

உதைத்த கணக்கோடு எப்படித் தூங்குவது?
பைபாசுக்கு நிலம் போயிருக்கும் என்றார்.
போனது பங்காளிக்கு என்றேன்.
மாமனாருக்குக் காங்கயத்தில் தேங்காய்க் களம்?
காய் விலை படுத்த வருசம்தானே கார் வந்தது.
சீட்டு, வட்டி, நூல் கமிஷன்,
ஒன்றும் முப்பத்தெட்டுக்கு எட்டவில்லை.
"கழிவுத்தண்ணிய ராத்திரியோட ராத்திரியா
தொறந்து உடறதுக்குத் தனிக் காசாமா,
ஒரு ராத்திரிக்கு ஆயிரத்து நூறு"
சொல்லும்போது இவர் குரல் இறங்கியது,
நொய்யலுக்குக் கேட்டுவிடும்போல.
அதன்பிறகு மழையில்லாத நாளில்
பாலத்தடியில் நுரை போனால்
எனக்குத் தெய்வசிகாமணி முகம்தான் வரும்.
காலையில் அவர் "டூட்டிக்குங்களா?" என்றால்
"ஆமாங்" என்பேன், வாயெல்லாம் சிரிப்பாக.

எனக்குச் செக்கிங் வேலை.
பீஸ் கைக்கு வந்ததும் உள்புறத்தைத்தான் திருப்புவேன்.
வெளியில் என்ன,
ஓர் ஆனைப் படம், ஏதோ சீமையின் ஊர்ப்பேர்.
விட்ட தையல், முடிச்சு, ஊசி தின்ற ஓட்டை
எல்லாம் உள்ளே.
நாளைக்கு எண்ணூறு பீஸ் திருப்புகிற கைக்கு
எதிர்வீடு மட்டும் புரண்டு கொடுக்கவில்லை.

சுமாரான வீட்டுக்கு எவ்வளவுதான் ஆகும் என்று பார்க்க
ஒருநாள் எங்களையே எழுதினேன்.
இவர் நைட் ஷிப்ட் போயிருந்தார்.
நிட்டிங் சம்பளம், என் வாரக்கூலியை மாதமாக்கி.
வாடகை, பாப்பாவுக்கு ஃபீஸ், மாமியாருக்குச் சர்க்கரை மாத்திரை,
கேஸ், பால், பெட்ரோல்,
வைகாசியில் மட்டும் ஏழு மொய்.
விரலில் கூட்டினேன். போனில் கூட்டினேன்.
மாதம் ஆறாயிரத்து நானூறு உதைக்கிறது.

கடன் கிடையாது.
எழுந்து போய் பீரோவைத் திறந்தேன்,
வளையல் இருந்தது, கொடி என் கழுத்தில்.
பிறகு, இல்லாத இந்தப் பணத்தை
நாலு வருசமாக எப்படித் தின்றோம்?

அதில் ரெண்டாயிரம் எனக்குத் தெரியும்.
ஞாயிற்றுக்கிழமை நான் போவது சென்னிமலைக்கு அல்ல,
ராக்கியாபாளையத்தில் ஒரு குடோனுக்கு,
பீசுக்கு இவ்வளவென்று பிசிறு வெட்ட.
வரும்போது வாசலில் நின்று
திருநீறு பூசிக்கொள்வேன்.

மிச்சம் நாலாயிரத்து நானூறு
இவருடையது.

விடிய ஐந்தரைக்கு வண்டிச் சத்தம்.
டம்ளரை வாங்க நீட்டிய கையில்
நகக்கண்ணெல்லாம் ஊதா.
நிட்டிங்கில் ஓடுவது வெள்ளைத் துணி.

"ஏன், தூங்கலையா?
எதிர்வீட்டுக் கணக்கு முடிஞ்சுதா?"

"எங்கீங். இன்னும் உதைக்குது" என்றேன்.
துணி சோப்பை எடுத்துக் கொடுத்தேன்.
முகம் கழுவுகிற சோப்புக்கு
அது போகாது.