நான்காம் அட்டை

அட்டையில் இருப்பது இவ்வளவுதான்:
'அ' என்பவன் 'ஆ' என்பவனைக் கொன்றான்.
ஏழு ஆண்டு கழித்து
'ஆ'வின் தம்பி
'அ'வின் மகனைக் கொன்றான்.
தம்பி செய்தது எவ்வளவு தவறு?
ஒன்று முதல் ஏழுக்குள் ஓர் எண் சொல்லவும்.

க்ரோனிங்கனில்
சீட்ஸ்கே என்ற மாணவி
பதினோரு நொடியில் ஏழைச் சுழித்தாள்.
கையிலிருந்த காபி ஆறவில்லை.
அவளுக்குப் பின் வந்தவர்களும்
ஏழு, ஏழு, ஆறு, ஏழு.
ஒருவன் மட்டும் எட்டு கிடையாதா என்றான்.
ஆளுக்குப் பத்து யூரோ.
வெளியே சைக்கிள் பூட்டுகள் திறக்கும் சத்தம்.

ஸ்வனேதி மலையில் மே மாதமும் பனி.
மாவு ஒட்டிய கையோடு லமாரா கேட்டாள்:
முன்னால் நின்று சுட்டானா, முதுகிலா?
அட்டையில் இல்லை என்றேன்.
பையனுக்கு மீசை அரும்பியிருந்ததா?
அட்டையில் இல்லை.
நடுவர்கள் சொன்ன மாடுகளை அப்பன் கொடுத்தானா,
கொடுக்காமல் ஏழு வருஷம் தூங்கினானா?
கண்ணை யார் மூடிவிட்டது?
அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தாள்,
பின்பக்கம் காலி.
பேர்கூட வைக்கவில்லையே,
இவனை எப்படி அழுவது என்றாள்.
மாவை இரண்டு தட்டு தட்டிவிட்டு
ஏழு என்றாள்.

கோபுர வீடு ஒவ்வொன்றாக ஏறி இறங்கினோம்,
நானும் மொழிபெயர்க்கும் பிமுர்சாவும்.
ஏழு. ஆறு. ஏழு.
ஓதார் என்ற ஒருவர் மட்டும்
வேலிக்கம்பை நட்டபடி
நிமிராமல் சொன்னார்: ஒன்று.
ஓரத்தில் குறித்துக்கொண்டேன்: கல்நெஞ்சர்.

இருபத்திரண்டாம் இரவு அடுப்பருகே சராசரி எடுத்தேன்.
அங்கே ஆறு புள்ளி எட்டு,
இங்கே ஆறு புள்ளி ஏழு.
மனித மனம் எங்கும் ஒன்றே என்று
கட்டுரையின் முதல் வரியை எழுதி
அதற்காக ஒரு குவளை குடித்தோம்.
சும்மா கேட்டேன்:
தவறு என்பதற்கு எந்தச் சொல்லைச் சொல்கிறாய்?
சொன்னான்.
அப்படியென்றால்?
மச்சான் கடை வைத்திருக்கிறான்,
நோட்டில் ஆள் பேருக்கு எதிரே எழுதுவானே, அந்தச் சொல்.

பாக்கி.

எவ்வளவு பாக்கி என்றா கேட்டாய், இத்தனை நாளும்?
ஆமாம்.
தவறு என்று ஒரு சொல் உங்களிடம் இல்லையா?
இருக்கிறது. போலீஸ்காரர் கேட்கிற சொல்.
அதோடு போயிருந்தால் ஒரு கதவும் திறந்திருக்காது.

விறகு வெடித்தது.
அப்படியானால் லமாராவின் ஏழு,
யார் யாருக்குத் தரவேண்டிய ஏழு?
அதை நீ கேட்கவில்லை என்றான் பிமுர்சா.

ஓதாரின் ஒன்று?

அவன் குவளையைக் கீழே வைத்தான்.
ஓதார் மகனைச் சுட்டவர்கள்
ஆற்றுக்கு அந்தப்பக்கம் இருக்கிறார்கள்.
தம்பிமார் துப்பாக்கி துடைத்துக் காத்திருந்தார்கள்.
இவர் தேவாலயத்துக்குப் போய்
படத்தின் முன் கை வைத்துச் சொல்லிவிட்டு வந்தார்:
என் வீட்டுக் கணக்கு மூடியாயிற்று.
சொந்தத் தங்கை இன்றுவரை பேசவில்லை அவரோடு.
உன் அட்டையில் பூஜ்யம் இல்லை,
அதனால் ஒன்று.

கட்டுரையின் முதல் வரியை அடித்தேன்.
கல்நெஞ்சரை அடிக்க
பேனாவை மூன்று முறை உதறவேண்டியிருந்தது.
சீட்ஸ்கேயின் ஏழையும் நினைத்துப் பார்த்தேன்.
அவளிடம் யாரும்
எதையும் திருப்பிக் கேட்டதில்லை.
நானும்தான்.

விடியலில் வண்டி அவர் வேலியைக் கடந்தது.
ஆற்றின் அந்தப்பக்கத்துக் கன்று ஒன்று
அவர் உருளைப் பாத்தியில்.
கம்பை ஓங்கினார்.
பிறகு கம்பைக் கக்கத்தில் இடுக்கி
கன்றைக் காதைப் பிடித்து
பாலம் வரைக்கும் நடத்திப் போனார்.

பையன் பேர் என்ன என்றேன்.
ஜாபா என்றான் பிமுர்சா.
நான்காம் அட்டையின் பின்பக்கம் எழுதினேன்.
வண்டி குலுங்கியதில்
இரண்டாவது கால்
சற்றுக் கோணலாக விழுந்தது.