இடது தோள்

பஹாவ் கிளினிக்கில் மிஸ்ஸி கேட்டாள்:
யார் கடிச்சது?
டத்தோ, என்றேன்.
அவள் பேனா நின்றது.
கிளி மிஸ்ஸி, பெயர்தான் டத்தோ.
வரிசையில் இருந்த ஆறு பேரும் சிரித்தார்கள்.
நானும் சிரித்தேன்,
ரத்தம் முழங்கைக்கு இறங்காமல்
விரலைத் தூக்கிப் பிடித்தபடி.

மறுநடவுக்குச் செம்பனைகளைச் சாய்த்த வருஷம்
விழுந்த மரத்தின் பொந்திலிருந்து
சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தானாம் தெய்வீகன்.
இறகு முளைக்காத, கண் திறக்காத
ஒரு பிடிச் சூடு.
மைலோ டின் மூடியில் கஞ்சி குடித்து வளர்ந்தது.
ஒன்பது வருஷம் எனக்கு மூத்தது அந்த வீட்டில்.
நான் வந்தது போன சித்திரையில்,
நாற்பத்தொரு வயதில்,
இரண்டு பெட்டியும் ஒரு தையல் மிஷினுமாக.

அவனுடைய இடது தோள் அதற்கு.
லோரி சந்தில் திரும்பும்போதே
கம்பியில் முன்னும் பின்னும் நடக்கும்.
நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்தால்
கண்மணி சுருங்கும், விரியும், சுருங்கும்.
பிறகு நாற்காலிக் கை வழியாக வரும்,
வாடகை பாக்கி கேட்டு வருகிறவன் மாதிரி
அவசரமே இல்லாமல்.

தம்பி யோகநாதனுக்குக் காதில் தழும்பு.
மூத்தவளின் மகள் ஹேமா
தலையில் துண்டு போர்த்தித்தான் கூடத்தைக் கடப்பாள்.
என் கணக்கில் நான்கு விரல், ஒரு கீழுதடு,
ஒரு நாள் தாலிச் சரடு.
மஞ்சள் நூல்னு நினைச்சிருக்கும், என்றான்.
பொறாமைம்மா அதுக்கு, என்றான்.
பொறாமை என்ற சொல்லை
கற்கண்டு மாதிரி
இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினான்.

எனக்கு விளங்க நாளாயிற்று.
நான் ஐயோ என்பேன். அவன் சிரிப்பான்.
அந்த ஐயோவும் அந்தச் சிரிப்பும்
அதற்குச் சம்பளம்.
தவறாமல் கொடுத்துக்கொண்டிருந்தோம் இருவரும்,
ஓவர்டைமோடு.

சரடு அறுந்த இரவு சொன்னேன்:
கடிச்சது வலிக்கல.
நீங்க சிரிச்சதுதான்.
சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கை
கொஞ்ச நேரம் பிசைந்தது, நின்றது.
ஆலையின் புளித்த வாடை
ஜன்னல் வழியாக வந்து எங்களோடு உட்கார்ந்தது.

மறுநாள் முதல் தோள் கிடையாது.
முன்கை மட்டும்.
கொத்த வந்தால் திட்டாமல், சிரிக்காமல்
தரையில் இறக்கிவிட்டு
அவன் எழுந்து போய்விட வேண்டும்.
சூரியகாந்தி விதை என் கையில் மட்டும்.
சொல்லும்போது சுலபமாக இருந்தது.
கதவுக்குப் பின்னால் நின்று
காலியான தோளை அவன் தடவிக்கொண்டதை
ஒரு முறை பார்த்துவிட்டேன்.
பார்க்காதவள் போல் துணி காயப்போடப் போனேன்.

முதல் வாரம் விதையை வாங்கி
என் மூக்கின் மேலேயே துப்பியது.
ஐயோவை விழுங்கப் பழகினேன்,
கசப்பு மாத்திரை மாதிரி, தண்ணீரில்லாமல்.
பத்தாம் நாள் ஒரு விதையைத் தின்றது.
தீபாவளிக்கு முந்தின சாயங்காலம்
யோகநாதனின் கன்னத்தைக் கிழித்தபோது
துடைப்பத்தை ஓங்கிவிட்டேன்.
அடிக்கவில்லை. ஓங்கினதே போதும்.
மூன்று வாரப் பாடு
முறுக்கு மாவில் சிந்திய ரத்தத்தோடு போயிற்று.

மறுபடி முதல் விதை.
மறுபடி மூக்கு.

நேற்று மத்தியானம் வீட்டில் நானும் அதுவும்தான்.
பள்ளிக்கூட உடுப்புக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தேன்.
நூல்கண்டில் ஏறி நின்று
ஊசி ஏறி இறங்குவதைப் பார்த்தது.
தலையைச் சாய்த்தது.
என் குரலில், மெதுவாக,
ஐயோ என்றது.
பிறகு அவன் குரலில் சிரித்தது.

யாரும் யாரையும் கடித்திருக்கவில்லை.
நான் கொடுக்காத என் பங்கையும்
அவன் நிறுத்திவிட்ட அவன் பங்கையும்
அதுவே போட்டுக்கொண்டது.
மிதியை நிறுத்தாமல்
ஒரு விதையை எடுத்து வைத்தேன் மிஷின் ஓரத்தில்,
என் விரலுக்கு
ஒரு சாண் தள்ளி.