கோணல் ஸ்டாப்

பஞ்சாலைக் கேட்டிலிருந்து
நேராகத்தான் வருகிறது அந்த அறுபதடி ரோடு.
ரேஷன் கடை தாண்டி, சைக்கிள் ஸ்டாண்டு தாண்டி
ஓரிடத்தில் மட்டும்
எதையோ மிதித்துவிடக் கூடாதென்பதுபோல
மேற்கே ஒதுங்கி
மறுபடி நேராகிறது.

கிணறு இருந்ததா?
இல்லீங்க, என்றார் செயின்மேன் நாட்ராயன்.
கோயில்? பாறை? யாராவது பெரியவர் களத்துமேடு?
ஒண்ணுமில்லீங்க. சோளக்காடுதானுங்க.

ரோட்டை நேர்படுத்தக் கோப்பு கிளம்பிவிட்டது.
படிவத்தில் ஏழாவது கட்டம்:
வளைவுக்கான காரணம்.
அதை நிரப்பத்தான் எனக்குச் சம்பளம்.

ரெக்கார்டு அறையில் இரண்டு நாள் தும்மினேன்.
மூன்றாம் நாள் அகப்பட்டது
துணியில் வரைந்த படம்.
நகர விரிவுத் திட்டம், கிழக்குப் பகுதி,
1947 பிப்ரவரி.
மூலையில் எறும்பெழுத்தில்
வரைந்தது: ச. அருளாந்து.

சர்வீஸ் புத்தகத்தில் அவருக்கு ஒன்றரைப் பக்கம்.
ஊர் கருமத்தம்பட்டி. பட்டாளத்தில் சர்வே பிரிவு.
பர்மா எல்லையில் மூன்று வருஷம்
லாரிக்கு வழி வரைந்தவர்
சண்டை முடிந்து திரும்பி
மாசம் நாற்பத்தைந்து ரூபாய்க்கு
இன்னும் வராத ஜனங்களுக்கு வீதி வரைந்தார்.

வந்துகொண்டுதான் இருந்தார்கள்.
ஒவ்வொரு மில் சங்குக்கும்
பல்லடம் பக்கமிருந்து, அவினாசி பக்கமிருந்து
தூக்குப்போசியோடு இறங்கினார்கள்.
அவர் பச்சை பூசியது பூங்கா.
பச்சைக்குள் இன்று எழுபத்திரண்டு வீடு,
கரண்டு உண்டு, பட்டா இல்லை.
மஞ்சள் பூசியது குடியிருப்பு.
மஞ்சளுக்குள் லேத்துப் பட்டறை, பம்ப்செட் உதிரி.
ரோடு ஒன்றுதான்
அவர் கை சொன்னதைக் கேட்டது.

விளக்கடியில் துணியை விரித்தேன்.
கோடு ஒதுங்குகிற இடத்தில்
மிளகளவு துருக்கறை.
யாரோ எப்போதோ குத்திவைத்த குண்டூசி.
யுத்தகாலத்து இரும்பு, ஒரு மழைக்குக்கூடத் தாங்கவில்லை.
துருவின்மேல் மை நிற்காது.
வேறு துணி மெட்ராசிலிருந்து வர ஆறு மாசம்.
பேனா சுற்றிப் போயிருக்கிறது,
அவ்வளவுதான்.

துணியில் ஒரு நூல் அகலம்.
மண்ணில் நாற்பதடி.

அந்த நாற்பதடிக்காக பஸ் வேகம் குறைத்தது.
குறைத்த இடத்தில் ஆட்கள் தாவி ஏறினார்கள்.
ஏறக் காத்திருந்தவர்களுக்கு ஒரு டீ பாய்லர்,
பாய்லர் பக்கத்தில் பஞ்சர் கடை,
ஒருநாள் கண்டக்டர் வாயில்
கோணல் ஸ்டாப்பெல்லாம் எறங்கு.
பிறகு கோணல் மெடிக்கல்ஸ்.
பிறகு சீட்டாட்டத் தகராறில் ஒரு கத்திக்குத்து, இரண்டு கல்யாணம்,
கோணல் மாரியம்மன்,
வளைவுக்கு அப்புறம் வந்து குடியேறிய சாமி.

காரணம்: குண்டூசி
என்று எழுதினேன்.
அடித்தேன்.
தெரியவில்லை என்று எழுதினேன்.
அதுவும் பொய்.

கம்ப்யூட்டரில் நேர்கோடு போட
இரண்டு புள்ளி போதும்.
கோட்டுக்கு அடியில் பதினொரு கடை, ஒரு சாமி.
மூக்குக்கண்ணாடியைக் கழற்றி
சேலைத் தலைப்பால் திரையைத் துடைத்துப் பார்க்கிறேன்,
எங்காவது ஒரு கறை இருக்குமா என்று.

பளிங்காய் இருக்கிறது.