லானுக்கு ஒரு வழிக்குறிப்பு

உன் ஹுவே நகரம் பற்றி நீ எழுதித் தந்தது
பதினொரு பக்கம்.
எந்த வாசலால் அரசன் போனான்,
எந்த வாசலால் அவன் வீட்டுக் குப்பை போனது,
மழைக்கு ஒதுங்க எந்தக் கூரை.
பினாங்கில், கையுறைக் கொம்பனியில்,
இரவு வேலைக்கு நடுவில் மடித்து மடித்துப் படித்தேன்.

இனி என் முறை.

மட்டக்களப்பு தலைநகர் இல்லை.
கோட்டை உண்டு, நம் அரசன் கட்டியதில்லை.
போர்த்துக்கேயன் கட்டினான், ஒல்லாந்தன் பிடித்தான்,
மறுகா கச்சேரி வந்தது.
அதற்குள் என் அம்மாவுக்குத் தெரிந்த ஒரே இடம்
மரணச் சான்றிதழ் கவுண்டர்.

கொழும்பிலிருந்து இரவு ரயிலில் வா.
யன்னல் சீற்றுக்குச் சண்டை பிடிக்காதே,
வழி முழுக்க இருட்டு.
ஓட்டோவில் ஏறமுதல் விலை பேசு.
தயிர்ச் சட்டியைக் கழுத்தில் பிடித்துத் தூக்காதே, கயிறு அறும்.
கல்லடியில் முழுநிலவுக்கு மீன் பாடும் என்பார்கள்.
துடுப்பை நீரில் விட்டு, மறுநுனியில் காதை வைத்ததும்
தோணிக்காரக் கிருபைராசா "கேக்குதா?" என்பான்.
ஓம் என்று சொல்லிவிடு.
அவனுக்கு நாலு பிள்ளை.

உன் குறிப்பில்
ஆறுக்குப் பிறகு எட்டு வந்தது.
ஏழு எங்கே என்று அன்றைக்கே கேட்டேன்.
கையுறைகளை எண்ணுவதை நிறுத்தாமல் சொன்னாய்:
அது எங்கள் வீடு இருந்த பக்கம்.

நான் பக்கங்களுக்கு எண் போடவில்லை, லான்.
ஓட்டோக்காரன் குறுக்குவழி என்று
சந்தைக்கு அங்கால திருப்பினால்
நேரே போகச் சொல்.