பின்பக்கத்தில் பென்சிலால்

பருவம் முழுக்க என் வாயில் விசில்.
"ஆகா" என்று ஒருதரம் சொல்லியிருந்தாலும்
அது விசிலுக்குள் போய்
ஃபவுலாக வெளியே வந்திருக்கும்.
மத்தியஸ்தம் பார்ப்பவன் கைதட்டக் கூடாது.
அதனால் இன்றைக்கு,
திருகோணமலை நகர மண்டபத்தில்
மூன்று மின்விசிறியில் ஒன்று மட்டும் சுற்றும் பின்னேரம்,
கடைசி வரிசையில் இருந்து
கைகளைப் பழக்கிக்கொண்டிருக்கிறேன்.

வலயக் கந்தோரில் கேட்டார்கள்:
"சின்னப் பள்ளிக்கூடங்களில் திறமானதுகளாய்ப் பார்த்து
கொஞ்சப் பெயர் தாங்கோ மாஸ்டர்."
என் குறிப்புப் புத்தகத்தில்
கோலுக்குக் கட்டம் உண்டு,
அட்டைக்குக் கட்டம் உண்டு.
மற்றதெல்லாம் பின்பக்கத்தில், பென்சிலால்.

யதுர்சன், வெருகல், கோல்காப்பாளன்.
எட்டு வாங்கினான் அன்றைக்கு.
முடிவுப் பலகையில் எட்டு என்றுதான் எழுதினார்கள்.
இருபத்து மூன்றை மறித்தான் என்பது
என்னிடம் கோடு கோடாய் இருக்கிறது,
ஐந்தைந்தாய்க் கட்டி, மிச்சம் மூன்று.
இருபத்து நாலாவதுக்குப் பாய்ந்தபோது
கம்பத்தில் நெற்றி இடிபட்டது.
கம்பம் என்றால் பனங்குற்றி.

குச்சவெளியில் கோல்வலை
கரைவலையின் கிழிந்த துண்டு.
டினோஜா அடித்த பந்து அதில் விழ
காய்ந்த நண்டுக்கால் ஒன்று தெறித்தது.
"கோலா சேர், நண்டா?" என்றது எதிரணி.
இரண்டையும் எழுதிக்கொண்டேன்.
அவள் பள்ளிக்கூடத்தில்
விளையாடக்கூடிய பிள்ளைகள் ஒன்பது பேர்.
ஒன்பது பேரோடுதான் இறங்கினார்கள்.
மற்ற இரண்டு இடத்திலும்
அவளே நின்றாள்.

நாலாம் விதி காலணி பற்றியது.
மூதூர்ப் பக்கத்து இல்ஹாம் இடதுகால்காரன்,
சஜீத் வலதுகால்காரன்,
இருவருக்கும் ஒரு சோடி பூட்ஸ்.
மிச்சக் கால் இரண்டிலும்
பழைய கன்வஸ், அதற்கு மேலால் நைலோன் கயிறு.
பரிசோதிக்கக் குனிந்தேன்.
குனிந்த இடத்தில்
என் சப்பாத்து நாடாவை அவிழ்த்துக் கட்டிவிட்டு
எழும்பினேன்.
அந்தச் சோடி அன்றைக்கு மூன்று கோல் போட்டது,
வலது ஒன்று, இடது இரண்டு.

பிறகு நீ, கேதுசன், சம்பூர்.
உனக்கு நான் காட்டிய மஞ்சள் அட்டை பிழை.
பந்தைத்தான் தொட்டாய்.
பெற்றோர் பக்கம் கத்தியது, ஆடு மேய்த்தவனும் கத்தினான்,
நான் கட்டத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன்.
நீ விழுந்தவனைத் தூக்கிவிட்டு, மண் தட்டிவிட்டு,
தடுப்புச் சுவரில் போய் நின்றாய்.
அவர்கள் அடித்த அடி
உன் நெஞ்சில் பட்டுத் திரும்பியது.
முன்பக்கத்தில் உனக்கு இருப்பது
அந்த ஒரு அட்டை மட்டும்.
பின்பக்கத்தில் ஒரு முழுத் தாள்.

பிரதம விருந்தினர் ஒன்றரை மணித்தியாலம் பிந்தினார்.
பொன்னாடை, அதற்கொரு படம்,
படம் சரிவரவில்லை என்று மறுபடி பொன்னாடை.
உன் பெயரைக் "கேதீசன்" என்று வாசித்தபோது
யாரும் எழும்பவில்லை.
சரியாக வாசித்திருந்தாலும் அப்படித்தான்:
சம்பூருக்குக் கடைசி பஸ் அந்த நேரத்துக்கு.

வாங்கிக்கொண்டு ஓடினேன்.
இந்த வருசம் நான் ஓடிய ஓட்டத்தில்
இதுதான் திசை தெரிந்து ஓடியது.
பஸ் நிலையத்தில் ஒரு மான்
கச்சான் சுற்றிய கடதாசியைத் தின்றுகொண்டு நின்றது.
யன்னலோரம் நீ, மடியில் புத்தகப்பை.
சட்டைப்பையில் கைவைத்தேன்.
பழக்கத்தில் பின்னால் சாய்ந்தாய்,
"சேர், நான் ஒண்டும் செய்யேல்லையே."

தெரியும் தம்பி.
அண்டைக்கும் செய்யேல்லை.

பதக்கத்தைக் கம்பிக்குள்ளால் நீட்டினேன்.
நாடா சிக்கியது, இழுத்தாய், வந்துவிட்டது.
கொண்டக்டர் இரண்டுதரம் மணியடித்தார்.
பஸ் வளைவில் திரும்பிய பிறகுதான்
கை இரண்டும் சும்மா இருப்பது தெரிந்தது.
தட்டினேன்,
நடு நிலையத்தில், தனிய, பலமாய்.
மான் தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டு
மறுபடி கடதாசிக்குக் குனிந்தது.